சட்டை போட்ட கோர்தினி

மே 2, 1979

சோத்துல கைய வச்சதும் அப்பா ஆரம்பிச்சுட்டாரு. ஜூலையோட மில்லு வேலையிலேர்ந்து நிக்கறாராம். அவரு எடத்துக்குப் பையன் பேரக் குடுக்கலாமாம். ஜூலை பதினாறுக்குள்ள குடுத்துடணுமாம். பையன்னா நான்தான். பாலிடெக்னிக்கப் பாதியில உட்டுட்டு வந்தவன், ஒரு வருஷமா வீட்ல தின்னுட்டுத் தூங்கறவன், பேரு ஜானகிராமன். இந்தத் தெருவுல எல்லாருக்கும் ஜானகி. ஒரு ஆம்பளையப் பொம்பளப் பேர் சொல்லிக் கூப்புடறதுல நெல்லித்தோப்புக்காரங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மில்லுக்குள்ள ஒரே ஒரு தடவ போயிருக்கேன். தறிச் சத்தத்துல பக்கத்துல நிக்கறவன் வாய் அசையறது மட்டும்தான் தெரியுது. அதுக்குள்ள காலம் பூரா நின்னு, அப்பா வீட்லயும் கத்தித்தான் பேசுவாரு. "உப்பு"ன்னாருன்னா தெருக்கோடியில ஒருத்தன் உப்பு எடுத்துக் குடுப்பான். நானும் அப்படி ஆயிடுவேனா? ஆயிடுவேன். வேற என்ன தெரியும் எனக்கு — ஸ்பேனர் புடிக்கத் தெரியும். அதுக்கு எவன் வேல குடுக்கறான்?

மே 6, ஞாயிறு

எதிர்வீட்டு பிரான்சுவா முசியே பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரு. சைகோன் வரைக்கும் சண்டைக்குப் போய் வந்த சொல்தா. சொல்தான்னா சிப்பாய். அவரு கொட்டாயில ஒரு கார் கெடக்கு. ரெனோ எட்டு, கோர்தினி. நீலக் கலரு, மேல ரெண்டு வெள்ளக் கோடு, நாலு கதவு. பாக்கறதுக்குக் குடும்ப வண்டி, உள்ள ரேஸ் வண்டி. பிரான்சுலேர்ந்து கப்பல்ல வந்தது. நான் டவுசர் போட்ட காலத்துல பீச் ரோட்ல அது பறக்கறதப் பாத்துட்டு அன்னிக்குப் பூரா சாப்பிடாம சுத்தியிருக்கேன். இப்ப தார்பாய்க்கு அடியில. பின் சீட்டுல கோழி முட்ட போடுது.

இன்னிக்குப் போய்த் தார்பாயத் தூக்கிப் பாத்தேன். அப்பாவும் வந்து எட்டிப் பாத்தாரு. முன்மூடியத் தொறந்தா காலி. "இன்ஜின எவனோ களவாண்டுட்டுப் போயிட்டாண்டா"ன்னு கத்தனாரு. இல்லப்பா, இதுல இன்ஜின் பின்னாலன்னேன். "அதான் ஓடல"ன்னுட்டுப் போயிட்டாரு.

முசியே முறைக்கல. பக்கத்துல வந்து உக்காந்து மனசுல இருக்கறதச் சொன்னாரு. வருஷா வருஷம் ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய தினம், சொல்தாங்க எல்லாரும் மெடல் குத்திக்கிட்டு பீச்சுல இருக்கற போர் நினைவுச் சின்னத்துக்குப் போவாங்க. இவரு ரிக்‌ஷாவுல. இவரோட பட்டாளத்துல இருந்த இன்னொருத்தரு பெழோ 404 காருல. போன வருஷம் இவரு ரிக்‌ஷாவுலேர்ந்து எறங்கறப்ப அந்தாளு கார்க் கண்ணாடிய எறக்கி, "போன்ழூர் பிரான்சுவா, வண்டி புதுசா?"ன்னாராம்.

அதுலேர்ந்து முசியேவுக்குத் தூக்கமே சரியில்ல.

என்கிட்ட சொன்னது இதான்: பதினாலாந் தேதி இந்த வண்டி பீச்சுக்குத் தானா போச்சுன்னா, கொட்டாய் உனக்கு. ஒர்க்‌ஷாப் வச்சுக்க. சொல்தாங்க வண்டியெல்லாம் கொண்டாந்து உடறேன்.

மே 7

அப்பாகிட்ட சொன்னேன். சிரிப்பாருன்னு நெனச்சேன். சிரிக்கல.

"தானாப் போவுமா?"

"தானாப் போவும்."

"தள்ளாம?"

"தள்ளாம."

"பீச்சு வரைக்கும் போச்சுன்னா நான் வேற பேரக் குடுத்துடறேன். போகலன்னா பதினாறாந் தேதி காலையில நீ எங்கூட வர்ற. அழுதுக்கிட்டு வந்தாலும் சரி."

வேற பேருன்னா அக்கா வசந்தா புருஷன் பேரு, சின்னக்கண்ணு மாமா. மருமகன் பேரும் செல்லுமாம். அவரு அரிசி மண்டியில மூட்ட தூக்கறவரு. மில்லு வேலன்னா அவருக்கு கவர்னர் வேல மாதிரி. அந்த நிமிஷத்துலேர்ந்து இந்த உலகத்துல கோர்தினி ஓடணும்னு என்னவிட அதிகமா நெனக்கற ஒரே ஆளு எங்க மாமா.

மே 8

விடியக்காலம் மாமா வந்து நிக்கறாரு. கையில மண்ணெண்ண, பழைய துணி, ஒரு சீப்பு வாழப்பழம். "மச்சான், இன்னிக்கு எத கழட்டறோம்?"

மே 13

கோழிய வெளியேத்தினோம். அது ரெண்டு தடவ திரும்பி வந்து சீட்டுல உக்காந்துச்சு. அதுக்கும் பாத்தியதை இருக்கு.

ரெண்டு கார்பரேட்டர். ரெண்டுலயும் பெட்ரோல் காஞ்சு வெல்லப்பாகு மாதிரி. கழுவி, ஊதி, மாட்டி, டிராக்டர் பாட்டரி ஒண்ண வாங்கிட்டு வந்து குடுத்ததும் — கெளம்பிடுச்சு. நெஜமா கெளம்பிடுச்சு. மாமா என்னக் கட்டிப் புடிச்சு மில்லுல சேர்ந்த மாதிரியே அழுதுட்டாரு.

அப்புறம் பின்னாலேர்ந்து வெள்ளப் பொகை. கொட்டாய்க்குள்ள யாரு எங்க நிக்கறாங்கன்னே தெரியல. ரேடியேட்டர்ல சாம்பார் கொதிக்கற மாதிரி கொப்புளம்.

தட்டாஞ்சாவடியில லேத்து வச்சிருக்கற கன்னியப்பன் அண்ணன் வந்து பாத்துட்டு, ஹெட் கேஸ்கட் போயிருக்கு, ஹெட்டக் கழட்டணும்னாரு. ஹெட்டுன்னா இன்ஜினோட மேல்மூடி, கேஸ்கட்டுன்னா அதுக்கு அடியில தண்ணி கசியாம வைக்கற தகடு. அவருக்கு அம்பாசடர் தெரியும், பியட் தெரியும். இத சுத்தி வந்து பாத்துட்டு, இது என்ன வண்டின்னே தெரியாதுன்னாரு. ஆனா அத ரொம்ப தைரியமா சொன்னாரு.

மே 20

முசியே பெட்டியிலேர்ந்து ஒரு தடிப் புஸ்தகம் எடுத்தாரு. வண்டியோட வந்த ரிப்பேர் புஸ்தகம். முழுக்க பிரெஞ்சு. எனக்கு ஒரு எழுத்து தெரியாது. முசியேவுக்குத் தெரியும், பட்டாளத்துல அதிகாரிங்க பிரெஞ்சையே திருத்திச் சொன்னவராம். கண்ணாடிய மாட்டிக்கிட்டு, நேரா உக்காந்து, ஒவ்வொரு வரியும் படிச்சு தமிழ்ல சொன்னாரு. அவரு படிக்கறப்ப எனக்கே சல்யூட் அடிக்கணும் போல இருக்கு.

ஒரு பக்கத்துல கட்டம் போட்டு கொட்ட எழுத்துல ஒண்ணு இருந்துச்சு. முசியே குரல எறக்கினாரு. "தம்பி, இது முக்கியம். ஹெட்டக் கழட்டின பெறகு, ஷெமீஸக் கட்டாம மொத்தேர, அதான் இன்ஜின, சுத்தவே கூடாது. ழாமே. ஒருக்காலும் கூடாதுங்கறான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சிம்மீஸ்னா பொட்டப் புள்ளைங்க கவுனுக்குள்ள போடறதாச்சே. அது எதுக்குக் காருக்கு? மாமா வசந்தாவக் கேக்கட்டுமான்னாரு.

முசியேவுக்குக் கோவம். "அது இங்க உங்க சிம்மீஸு. பிரெஞ்சுல ஷெமீஸ்னா ஆம்பள சட்டை. சட்டைய ஒழுங்காக் கட்டாம, பொத்தான் போடாம இன்ஜின் கிட்ட நிக்காதங்கறான். சட்டை நுனி உள்ள மாட்டிக்கும்ல? வெள்ளக்காரன் ஒழுங்குடா அது."

சரியாத்தானே இருக்கு? பாலிடெக்னிக்லயும் தொளதொள சட்டையோட மெஷின் கிட்ட போவாதன்னு எழுதி மாட்டியிருந்தான்.

மே 27

பிஸ்டன் தலையெல்லாம் கரி. ஒவ்வொண்ணா மேல கொண்டாந்து சொரண்டணும். அதுக்கு இன்ஜினக் கையால சுத்தணும். அக்கினி வெயிலு. நானும் மாமாவும் வெறும் உடம்போட வேல பாத்துக்கிட்டிருந்தோம். சுத்தப் போறோம்னதும் முசியே "அல்த்"ன்னாரு. நில்லுன்னு அர்த்தம்.

சட்டைய எடுத்துப் போட்டோம். கழுத்துப் பொத்தான் வரைக்கும். கைப் பொத்தான் வரைக்கும். மாமாவோடதுல பொத்தானே இல்ல, அம்மா வந்து ஊக்கு குத்திவிட்டாங்க. முசியே ரெண்டு பேரையும் சுத்தி வந்து பாத்து, என் காலர நேராக்கி, "அலே, சுத்து"ன்னாரு.

சுத்தினேன். நல்லா சுத்தினேன். உள்ள எங்கியோ "க்ளக்"னு ஒரு சத்தம். ஊக்கு அவுந்துடுச்சோன்னு மாமா வயித்தப் பாத்துக்கிட்டாரு.

ஜூன் 3

கன்னியப்பன் அண்ணன் செப்புத் தகடுல ஹெட் கேஸ்கட் வெட்டிக் குடுத்தாரு. மாட்டிட்டோம். தண்ணி ஊத்தி, ஆயில் ஊத்தி, ஸ்டார்ட் பண்ணினா பூனை மாதிரி ஓடுது. பொகை இல்ல. தெருவே வந்து நின்னுச்சு. முசியே நாலு பேருக்குக் கை குடுத்தாரு. நான் பதினாறாந் தேதி மில்லு கேட்டுக்கு எதிர்ல நின்னு டீ குடிக்கறதா யோசிச்சுக்கிட்டு ஆயில் குச்சிய எடுத்துப் பாத்தேன்.

பால் டீ.

கருப்பா வர வேண்டிய ஆயிலு, வெளுத்து, நுரையோட. தண்ணி பூரா அடியில எறங்கி ஆயில்ல கலந்துடுச்சு.

ஜூன் 4

ஒண்ணும் எழுதப் புடிக்கல. அம்மாவோட இட்லி அண்டாவுல ஆயிலப் புடிச்சதுக்கு இன்னிக்கு சோறு இல்ல.

ஜூன் 6

அப்பா ஒண்ணும் கேக்கல. மில்லுல போடற காக்கி டவுசர் ஒண்ணத் தொவச்சு என் கட்டில்ல வச்சிருக்காரு. இது கேக்கறதவிட மோசம்.

ஜூன் 8

கன்னியப்பன் அண்ணன் வந்து ஹெட்டத் திரும்பக் கழட்டச் சொன்னாரு. உள்ள விரல விட்டுத் தடவிப் பாத்துட்டு, "ஸ்லீவ் தூக்கிக்கிச்சு"ன்னாரு. எனக்குப் புரியல. இந்த இன்ஜின்ல பிஸ்டன் ஓடற குழாய் தனியாக் கழண்டு வருதாம். தண்ணிக்குள்ள நிக்குதாம். ஹெட் இருக்கற வரைக்கும் அது அழுத்திப் புடிச்சுக்கும். ஹெட் இல்லாதப்ப சுத்தினா பிஸ்டன் குழாயையும் சேத்து மேல இழுத்துடும். அடியில இருக்கற வாஷர் கிழிஞ்சு தண்ணி எறங்கிடும். "சுத்தறதுக்கு முன்னாடி ஸ்லீவ இறுக்கிக் கட்டியிருக்கணும்பா. புஸ்தகத்துல அதக்கூடவா போடல?"

ஸ்லீவ். கட்டணும். ஸ்லீவ்...

என் சட்டைக் கையப் பாத்தேன். கைப் பொத்தான் போட்டிருந்துச்சு. அன்னிலேர்ந்து பழக்கமாயிட்டு.

அய்யய்யோ. இங்கிலீஷ்காரன் அந்தக் குழாய்க்குக் கைன்னு பேர் வச்சிருக்கான், பிரெஞ்சுக்காரன் முழுச் சட்டைன்னு பேர் வச்சிருக்கான். கட்ட வேண்டியது அந்தச் சட்டைய. நாங்க கட்டினது இந்தச் சட்டைய. ஊக்கோட.

சிரிக்கறதா அழுவறதான்னு தெரியாம கொட்டாய்லயே உக்காந்துட்டேன். மாமாவுக்கு விளக்கிச் சொன்னதும், அப்ப மில்லு வேல என்னாவறதுன்னு அவரு நெஜமாவே அழுதாரு.

ஜூன் 9

முசியேகிட்ட சொல்லித்தான் ஆவணும். சொன்னேன். ரொம்ப நேரம் புஸ்தகத்தையே பாத்தாரு. கண்ணாடியத் தொடச்சுப் போட்டுத் திரும்பப் பாத்தாரு.

"நான் என்ன சொன்னேன்? சட்டைன்னு சொன்னேன். சட்டைதானே?"

"சட்டைதான் முசியே."

"கட்டுன்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

"யாரு சட்டைன்னு நீதான் கேக்கல."

இந்த மாதிரி ஆளுங்க எப்படி சைகோன உட்டுக் குடுத்தாங்கன்னே தெரியல.

ஜூன் 17

நாலு குழாயையும் உருவி வெளிய எடுத்துட்டேன். அடி வாஷர் நாலும் கிழிசல். ரப்பர் வச்சா உப்பிடும். தகடு வச்சா ஒயரமாயிடுது, ஹெட் உக்கார மாட்டேங்குது. பாரிசுக்கு எழுதி வரவழைக்கலாம்னு முசியே சொல்றாரு. எழுதி அது வர்றதுக்குள்ள நான் மில்லுலேர்ந்து ரிட்டயர் ஆயிடுவேன்.

காயிதம்தான் சரியான கனம். எந்தக் காயிதம்? கெட்டியா, வழவழன்னு, தண்ணிக்குச் சீக்கிரம் அசையாததா இருக்கணும்.

பரண்மேல பாலிடெக்னிக் டிராயிங் ஷீட்டுங்க சுருட்டி வச்சது கெடைச்சுது. மேல இருந்தது ஒரு நட்டு, ஒரு போல்ட்டு, முன்பக்கத் தோற்றம், பக்கத் தோற்றம். அதுக்கு வாத்தியார் "இது என்ன, கத்திரிக்காயா?"ன்னு கேட்டாரு. அதத்தான் மொதல்ல வெட்டினேன்.

ஜூன் 24

வார்னிஷ் தடவி, காய வச்சு, திரும்பத் தடவி, நாலு வளையம் போட்டு குழாய எறக்கிட்டேன். இந்தத் தடவ இரும்புப் பட்டையும் போல்ட்டும் வச்சு சட்டைங்கள இறுக்கிக் கட்டினேன். அப்புறம் வெறும் உடம்போட சுத்தினேன். முசியே அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாரு.

ஜூலை 1

ஓடுது. ஆயில் கருப்பா இருக்கு. காலையில பாத்தேன், மத்தியானம் பாத்தேன், சாப்பிட்டுக் கை கழுவாம ஓடிப் போய்ப் பாத்தேன். கருப்புதான்.

ஜூலை 4

வண்டி ஓடுதுல்ல, இனிமே என்னால சும்மா இருக்க முடியாது. சைலன்சர் டப்பா பூரா ஓட்டை. அதத் தூக்கிப் போட்டுட்டு கன்னியப்பன் அண்ணன் பட்டறையில நேர்க் குழாய் ஒண்ணு வளச்சுப் பத்த வச்சுட்டேன். ரேஸ் வண்டின்னா சத்தம் வேணும்ல? மிதிச்சா அந்தாண்ட இருக்கற கதிர்காமத்துல நாய் குரைக்குது. அப்பாவுக்குக்கூட கேட்டுச்சு. மொதத் தடவயா காதப் பொத்திக்கிட்டாரு.

ஜூலை 8

ஓட்டிப் பாத்தேன். ஸ்டியரிங் இடது பக்கம். முன்னால போற பஸ்ஸ முந்தணும்னா எனக்கு எதிர்ல ஒண்ணும் தெரியாது. வலது பக்கம் உக்காந்திருக்கற முசியேதான் தலைய நீட்டிப் பாத்து வா, வான்னு சொல்லணும். அவரு பிரெஞ்சுல சொல்றாரு. "நோ"ன்னா வேணாம்னு எனக்குத் தெரியும். "பா மேந்த்தனாங்"னா "இப்ப வேணாம்"னு லாரி வந்தப்புறம்தான் தெரிஞ்சுது.

பாட்டரி சரியில்ல. நிறுத்தினா சில சமயம் திரும்ப எடுக்க மாட்டேங்குது. பீச்சு வரைக்கும்தானே? நிறுத்தாம போனா போச்சு.

ஜூலை 14, சனி

மறக்கறதுக்குள்ள எல்லாத்தையும் எழுதிடறேன்.

காலையில முசியே கோட்டு, மெடலு, தொப்பி. வண்டி மொதத் தடவையிலயே எடுத்துடுச்சு. மாமா பின்னால சைக்கிள்ல, ஹாண்டில்ல தண்ணி கேன். நெல்லித்தோப்பத் தாண்டி, டவுனுக்குள்ள பூந்து, பெரிய வாய்க்காலத் தாண்டி, பீச் ரோடு. தள்ளல. நிக்கல. தானாப் போச்சு. 404-காரரு எறங்கிக்கிட்டிருந்தாரு. முசியே அவரப் பாக்கவே இல்ல, அப்படியே நேரா பாத்துக்கிட்டு எறங்கினாரு. இத்தன மாசம் நான் பட்ட பாடெல்லாம் அவரோட அந்தத் திரும்பாத கழுத்துக்காகத்தான்னு இப்ப தோணுது.

நான் வண்டிய ஓரமா போட்டுட்டு ஆஃப் பண்ணாம உக்காந்திருந்தேன். மாலை வச்சாங்க. கொம்பு ஊதினாங்க. அப்புறம் எல்லாரும் தொப்பிய எடுத்துட்டு ஒரு நிமிஷம் மௌனம்.

எல்லாரும் மௌனம். கடல்கூட மெதுவாத்தான். நான் மட்டும் டபடபடபடப.

ஒவ்வொருத்தரா திரும்பினாங்க. முசியே திரும்பல, ஆனா அவரு காது செவந்தது எனக்கு இங்கேர்ந்து தெரிஞ்சுது. நிறுத்தினா கெளம்பாது. நிறுத்தலன்னா செத்த சொல்தாங்களே எழுந்து வந்துடுவாங்க. என்ன பண்றது? சாவியத் திருப்பிட்டேன்.

இன்ஜின் நின்னுச்சு. நின்னு, ஒரு தும்மல் போட்டு, குழாய் வழியா ஒரு வெடி வெடிச்சுது பாரு — காக்கா எல்லாம் பறந்துடுச்சு. பழைய ஞாபகத்துல ரெண்டு கெழவருங்க குனிஞ்சுட்டாங்க. அதுல 404-காரரு ஒருத்தரு.

முடிஞ்சப்புறம் அவரு வந்து அது என்ன சத்தம்னு கேட்டாரு. முசியே தொப்பிய மாட்டிக்கிட்டு, "கோர்தினி"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

திரும்பக் கெளம்பல. சொல்தாங்க தெருமுனை வரைக்கும் மெடலு கிலுகிலுக்கத் தள்ளினாங்க, அப்புறம் ஒவ்வொருத்தருக்கும் ஒரு இடுப்புவலி வந்துடுச்சு. நானும் மாமாவும் முசியேவ ஸ்டியரிங்ல உக்கார வச்சுத் தள்ளிக்கிட்டே வந்தோம். நெல்லித்தோப்பு மார்க்கெட் கிட்ட வந்தா, எதிர்ல சைக்கிள்ல அப்பா.

செத்தேன்னு நெனச்சேன். வண்டிய வேற தள்ளிக்கிட்டு நிக்கறேன். மார்க்கெட்டே கேக்கற மாதிரி கத்தினாரு.

"போச்சா?"

"போச்சுப்பா. பீச்சு வரைக்கும்."

"தானா?"

"தானா. வரும்போதுதான்..."

"வர்றதப் பத்தி நான் பேசவே இல்லியே."

சைக்கிள மீன்காரம்மா கூடைப் பக்கத்துல சாச்சுட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டி, என் பக்கத்துல வந்து தோளக் குடுத்துத் தள்ளினாரு. வீடு வர்ற வரைக்கும் தோள எடுக்கல. அவரு மெதுவா தள்ள மாட்டாரு, ஒரே மூச்சுதான். கால் வலிக்குது.

ஜூலை 16

அப்பா பேர் குடுத்துட்டாரு. மாமா பேரு. மாமா எனக்குப் பேண்டு துணி வாங்கிட்டு வந்து குடுத்தாரு. கோர்தினிக்கு ஒரு மாலை.

ஆகஸ்ட் 5

404-காரரு வண்டியோட வந்துட்டாரு. பிரான்சுவாகிட்ட சொல்லாதன்னாரு. கொட்டாயே அவருதுங்கன்னேன். முசியே வந்து வாசல்ல கைய மடக்கிக்கிட்டு நின்னு, கொஞ்ச நேரம் அனுபவிச்சுட்டு, அப்புறம் உள்ள விட்டாரு.

அவருகிட்டயும் ஒரு புஸ்தகம். முசியே கண்ணாடிய மாட்டினாரு. "மொதல்ல மரத்த எறக்குங்கறான்."

"எந்த மரம்?"

"போட்டிருக்கான் தம்பி. ஆர்ப்ர். மரம். அத எறக்கிட்டுத்தான் மத்த வேலங்கறான்."

404-காரரும் எட்டிப் பாத்து ஆமா மரம்தான்னாரு. வாழ்க்கையில மொதத் தடவயா ரெண்டு பேரும் ஒத்துப் போனாங்க. கொட்டாய்க்கு மேல சாஞ்சு ஒரு வேப்பமரம் இருக்கு. எல்லாரும் அதப் பாத்தோம். ஷிஃப்ட்டு முடிஞ்சு வந்த மாமா ஒண்ணும் கேக்காம அரிவாள் எடுத்துட்டு மேல ஏறிட்டாரு.

ரெண்டு கிளை உழுந்தப்புறம்தான் நான் புஸ்தகத்தப் புடுங்கிப் படத்தப் பாத்தேன். நீளமா ஒரு தண்டு. இன்ஜினுக்குள்ள சுத்தற தண்டு. அதுக்கும் ஆர்ப்ர்னுதான் பேரு போல.

மாமாவ எறக்கினேன். புஸ்தகத்த மூடினேன். இப்படியே போனா ஒருநாள் ஊரே இருக்காது.

ஆகஸ்ட் 20

சேர்ந்துட்டேன். சாயங்கால பிரெஞ்சு வகுப்பு, கோயில் பக்கத்துல. பாதிப் பேரு பத்து வயசுப் பசங்க, மீதி பேரு பிரான்சுக்குப் போகப் போறவங்க. பெஞ்சு எனக்கு முட்டி வரைக்கும்தான் வருது. லூர்துசெல்வி டீச்சர் ஒவ்வொருத்தரா எதுக்குப் படிக்கறீங்கன்னு கேட்டாங்க. புருஷன் அங்க இருக்காருன்னு ஒருத்தி. அப்பா பென்ஷன் காயிதம் படிக்கன்னு ஒருத்தன். நான் சட்டைக்குன்னேன்.

வெளக்கிச் சொல்ல வேண்டியதாப் போச்சு. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கிட்டு தோள் குலுங்கக் குலுங்க நின்னாங்க. அப்புறம், "அந்தப் புஸ்தகத்த நாளைக்கு எடுத்துட்டு வா, அந்த மெஷின் பேரெல்லாம் எனக்கும் தெரியாது"ன்னாங்க.

பாலிடெக்னிக்ல எந்த வாத்தியாரும் இந்த வார்த்தையச் சொன்னதில்ல.

செப்டம்பர் 19

மார்க்கெட்ல அப்பாவோட மில்லு சிநேகிதரு ஒருத்தரு புடிச்சு நிறுத்திட்டாரு. அவரும் கத்தித்தான் பேசறாரு. "ஏம்பா, நீதான் முருகையன் பையனா? ஒங்கப்பன் போன வாரம் கணக்கு முடிக்க வந்தப்ப மில்லு பூரா சொல்லிட்டுத்தான் போனான். பையன் படிக்கிறான், பிரெஞ்சுல படிக்கிறான்னு. பெரிய படிப்பாமே?"

எங்க பாடம் இன்னும் இது மேசை, அது நாற்காலிதான். கொட்டாயில ரெண்டு வண்டி பிரிச்சுப் போட்டது போட்டபடி கெடக்கு. கையில கிரீஸு. இல்லீங்க, நான் மெக்கானிக்குங்கன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அப்பா வீட்ல இதப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்த பேசினதில்ல.

"ஆமாங்க"ன்னேன். "படிக்கிறேன்."

நாளைக்குப் பரீட்ச. பத்து வினைச்சொல்லு. மூணுதான் வந்திருக்கு.